சமையல் மேடையில் நான் வைத்த தப்பு

இலாகாவின் பெயரை எழுதப்போவதில்லை. ஓய்வூதியம் மாதாமாதம் அங்கிருந்துதான் வருகிறது. சோறு போடுகிற வீட்டைச் சந்தியில் நிறுத்துவது அழகில்லை. அரசுக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற இலாகா என்ற அளவில் தெரிந்தால் போதும். அதில் முப்பத்தொரு வருடம் வரைவாளராக இருந்தேன். உத்தமபாளையத்தில் சேர்ந்து, நடுவில் தேனிக்குப் போய், திரும்ப உத்தமபாளையத்துக்கே வந்து ஓய்வு பெற்றேன்.

போன மாதம், இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன் செய்தார்கள். கணினியில் எவ்வளவு சுத்தமாகப் படம் போட்டுக் கொடுத்தாலும் மேலதிகாரி திருப்பித் திருப்பி அனுப்புகிறாராம். "அக்கா, ஒங்க காலத்துல படத்துல ஒரு தப்ப வச்சுக் குடுப்பீகளாமே, அது எப்படின்னு எழுதிக் குடுங்கக்கா. வாட்ஸ்அப் குரூப்புல போட்டுக்கிறோம்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அந்த வித்தை என் வீட்டுச் சமையலறையை என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். மருந்தைச் சொன்னால் பத்தியத்தையும் சொல்ல வேண்டும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மையால் கோடு போடவும், போட்ட கோட்டை பிளேடால் சுரண்டி அழிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். வேலைக்குப் போன பிறகு இரண்டாவதுதான் அதிகம் உதவியது.

முதல் மேலதிகாரியை மறக்க முடியாது. அவர் அறைக்குள் படத்தை விரித்ததும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மூலையில் வைப்பார். இன்னொரு மூலையில் டீ தம்ளர். மூன்றாவது மூலையைப் படம் போட்டவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான்காவது மூலை மின்விசிறிக் காற்றில் அடித்துக்கொள்ளும். "வடக்கு எங்கம்மா?" என்பது முதல் கேள்வி. வடக்கு எப்போதும் மேலேதான் இருக்கும், இருந்தாலும் காட்ட வேண்டும். பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சில் வெளியே வரும். வந்த பென்சில் வெறும் கையோடு திரும்பியதாக வரலாறு கிடையாது.

சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. அலுவலர் குடியிருப்பு ஒன்றுக்கு, தப்பே இல்லாத ஒரு படத்தைக் கொண்டுபோய் விரித்தேன். அவர் பார்த்தார், பார்த்தார், டீ ஆறியது. ஒன்றும் அகப்படவில்லை. முகம் சுருங்கியது. கடைசியில் சமையலறை ஜன்னலைச் சுழித்து, "இது இங்க வேணாம், அந்தச் சுவத்துல வை" என்றார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சொல்ல வாய் திறந்தேன்; அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஒப்புதல் பெற்ற படம் ஒப்புதல் பெற்ற படம்தான். அப்படியே கட்டினார்கள். அந்தக் குடியிருப்பில் இன்றைக்கும் அடுப்படியிலிருந்தபடியே குளிக்கிறவருக்குச் சோப்பு எடுத்துக் கொடுக்கலாம்.

அன்று சாயங்காலம் எங்கள் தலைமை வரைவாளர் ஆண்டியப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். போடிக்காரர், வெற்றிலை போடுகிறவர்.

"ஏம்மா வசந்தா, சாமிக்குப் படைக்காம நம்ம சோறு திங்கலாமா?"

"கூடாது சார்."

"பெறகு? அவுகளுக்கு ஒரு தப்பப் படைச்சிரு. அவுக அதத் தின்னுட்டு மத்ததத் தொடாமப் போயிருவாக."

இதுதான் பிள்ளைகளே, நீங்கள் கேட்ட வித்தை. இதற்கு இலக்கணம் உண்டு. வைக்கிற தப்பு டீ குடித்துக்கொண்டே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். திருத்துவதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. பார்த்தால் அசதியில் நேர்ந்ததுபோல இருக்க வேண்டும், அறியாமை போல இருக்கக் கூடாது. மாடிப்படியில் 'மேலே' என்ற அம்புக்குறியைக் கீழே பார்த்துப் போடலாம். கதவைத் தப்பான பக்கம் திறக்க விடலாம். ஓர் உயரத்தை மாற்றி எழுதலாம். அவர் கண்டுபிடித்து, "நான் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்பார். "நல்லவேளை சார்" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். சிவப்பு விழுந்த இடத்தைத் திருத்தி, நல்ல பிரதி எடுத்தால் வேலை முடிந்தது.

முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒருவர், மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா, நான் வைத்த தப்போடு வைக்காத தப்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். பிரிவே நடுங்கிப்போனது. நல்லவேளையாக ஆறே மாதத்தில் அவரை மாற்றிவிட்டார்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சமைப்பது என் கணவர். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் பால் பாத்திரத்தில் வைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பெயர் செல்லப்பாண்டி. ஊரில் மாஸ்டர் என்றால்தான் தெரியும். ஒரு மாணவர் விடுதியில் இருபத்திரண்டு வருடம் சமையல்காரராக இருந்தவர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான ஆள். தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சட்டை எடுக்கப் போனால்கூட, கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ அது அவருக்குப் பிடித்த நிறமாகிவிடும்.

ஓய்வுபெற்ற பிறகு அவர் முதுகு போய்விட்டது. தேனி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குனியவே கூடாது. சமைக்கணும்னா நிமிந்து நின்னு சமைங்க" என்று சொல்லிவிட்டார். நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சமையல் மேடை இரண்டரை அடி உயரம். அதில் அவர் நிமிர்ந்து நின்றால் கத்தி வெங்காயத்துக்கு எட்டாது. எனவே சமையல் நின்றது. கடைப் பொட்டலம் வர ஆரம்பித்தது. முதல் வாரம் சாம்பாரைப் பிரித்து முகர்ந்து பார்த்து ஓரமாக வைத்தார். இரண்டாவது வாரம் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிச் சாப்பிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சாம்பாரை வாய் திறக்காமல் சாப்பிடுகிற மாஸ்டர் நான் கல்யாணம் செய்துகொண்ட ஆள் இல்லை. எப்படியாவது அவரை மறுபடி அடுப்பு முன்னால் நிற்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாடுலர் கிச்சன் கம்பெனிக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். மடிக்கணினியில் தக்காளிக் கிண்ணம் வைத்த ஒரு சமையலறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "மேடம், ஒங்க ஹைட் என்ன?" என்று என்னைக் கேட்டார். சமைப்பது என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அவர்தான் என்றேன். மேடை உயரத்தைக் கூட்டுவதற்கு சிஸ்டத்தில் வழி இல்லை என்றார். உள்ளூர் ஆசாரியோ கேரளாவில் பெரிய வேலை பிடித்திருந்தார். சித்திரைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் அலமாரி வரைந்தவள், ஓர் அலமாரியைச் செய்ய மாட்டேனா என்று எனக்கு ரோஷம் வந்தது. நானே செய்வதென்று டிரில்லிங் மெஷின் வாங்கினேன்.

மாஸ்டரை அளப்பதிலிருந்து தொடங்கினேன். சுவரோரம் நிற்கச் சொன்னால் போலீஸ் தேர்வுக்கு நிற்பதுபோல விறைத்தார். முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து டேப் பிடித்தேன். பிறகு மேசைமேல் இலாகாவின் பழைய விலைவிகிதப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, அதன்மேல் பலகை வைத்து, சப்பாத்தி தேய்க்கச் சொன்னேன். மூன்றடி இரண்டு அங்குலத்தில் முதுகு நேரானது. அந்தப் புத்தகங்கள் முதன்முதலாக ஒருவருக்கு உபயோகப்பட்டன.

அன்றே படம் போட உட்கார்ந்தேன். மூன்று பெட்டிகள், எட்டடி நீளம், கீழே கூட்டித் துடைக்க அரை அடிக் கால்கள், மேலே ஒரே கிரானைட் கல். முடிக்கிற நேரத்தில் பழக்கம் தலை தூக்கியது. மாஸ்டரிடம் ஒப்புதல் வாங்கப்போகிறோம், அவருக்கும் ஒன்று படைக்க வேண்டாமா? மேடை உயரம் மூன்றடி இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டடி ஒன்பது என்று எழுதினேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். அவர் முதுகு சம்பந்தப்பட்ட எண்; பார்த்ததும் பிடித்துவிடுவார்; பிடித்த சந்தோஷத்தில் ஒரு நாளாவது முகம் தெளிந்து இருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

படத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, தங்கை பேத்தியின் காதுகுத்துக்குப் போடிக்குப் போனேன். திரும்பி வர நான்கு நாள் ஆயிற்று. மேசைமேல் படம் இருந்தது. கீழே, நான் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில், செ.பாண்டி என்று கையெழுத்து இருந்தது. வேறு ஒரு கீறல் இல்லை.

இங்கேதான் என் முப்பத்தொரு வருட அனுபவம் என்னைக் கவிழ்த்தது. வைத்த தப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. சிவப்புப் பென்சில் நினைவூட்டும், நான் திருத்துவேன். சிவப்பு இல்லாமல் கையெழுத்து மட்டும் இருந்தால் என் மூளைக்கு அது தப்பில்லாத படம். அந்தப் படத்தை வைத்து வெட்டுப் பட்டியல் எழுதி, தேனி மரக்கடையில் கொடுத்துவிட்டேன்.

பலகைகள் வந்தன. பெட்டியைக் கூட்டும்போது மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கயிறும் ஒரே நீளமாக இருந்தால்தான் பெட்டி சதுரம். என் முதல் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு கதை கேட்டது. பிரித்து மறுபடி கூட்டினேன். பலகைமேல் மைகா தகடு ஒட்டுவது அதைவிடப் பொல்லாதது. பசை தடவிக் காயவிட்டு வைத்தால் வைத்ததுதான், அரை அங்குலம்கூட நகராது. ஒரு கதவில் கோணலாக ஒட்டிவிட்டேன். அது இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வரும்படி மாட்டிவிட்டேன்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என் கையில் டிரில்லிங் மெஷினும் தலையில் மரத்தூளும் இருக்கும்போதே அவரிடம் போய், "மாஸ்டர், வேலப்பாடு பிரமாதம்" என்றார்கள். "நான் இல்ல, அவ" என்பார். பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இனிமே ஒங்களுக்குச் சமையல் சொகமா இருக்கும்ல?" என்பார்கள்.

கிரானைட் வந்து உட்கார்ந்தது. பால் காய்ச்சினோம். மறுநாள் காலையில் அவர் நாலைந்து மாதத்துக்குப் பிறகு கத்தியை எடுத்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். வெங்காயத்தை வைத்தார், குனிந்தார், நறுக்க ஆரம்பித்தார். இடது கையை இடுப்பில் வைத்து ஒரு நிமிடம் நின்றார். மறுபடி குனிந்தார்.

டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தேன். இரண்டடி ஒன்பது. படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன்.

"என்னங்க, இதப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டீக?"

"ஆமா. ரெண்டு மூணு தடவ பாத்தேன்."

"மூணடி ரெண்டுன்னுல அளந்தோம்? இங்கன ரெண்டடி ஒம்போதுன்னு இருக்கே."

"இருக்கு. நீ மாத்திருக்க, என்னமோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

"காரணம் என்னன்னு கேக்கக்கூடாதா? ஒங்க முதுகுல்ல?"

அவர் கத்தியைக் கழுவி வைத்தார். "என்னைய என்னைக்குக் கேட்டுட்டு அடுப்புப் போட்டாக, வசந்தா? அடுப்பு இருக்குற உசரத்துக்கு நான் குனிஞ்சுக்கிருவேன். ஹாஸ்டல்லயும் அப்படித்தான."

அவர் குத்திக் காட்டவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் அந்த விடுதியின் புதுக் கட்டடத்தை வரைந்தது நான். எங்களுக்குக் கல்யாணமான மறுவருடம். சமையல் மேடை இரண்டரை அடி என்று முந்தைய மாதிரிப் படத்தில் இருந்தது, பார்த்து எழுதினேன். கதவு அம்புக்குறியில் ஒரு தப்பு வைத்தேன், மேலதிகாரி அதைப் பிடித்தார், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அந்த மேடையில் நின்று சமைக்கப்போகிற ஆள் தினமும் காலையில் எனக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கட்டி முடித்ததும், நான் வரைந்தது என்று பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். 'நல்லா இருக்கு' என்றார். அதே இரண்டு வார்த்தையைத்தான் முந்தின நாள் பால் காய்ச்சியபோதும் சொன்னார்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுது முடித்துவிட்டு ஜபருல்லா பாயைத் தேடிப் போனேன்.

பாய் கம்பம் ரோட்டில் ஜீப் மெக்கானிக். மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளெல்லாம் அவர் பட்டறையில்தான் படுத்திருக்கும். கல்லைக் கழற்றினால் பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய இடத்தில் உடைந்துவிடும். முன்பக்கம் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். எனவே கல்லோடு சேர்த்து மொத்தத்தையும் ஐந்து அங்குலம் தூக்க வேண்டும் என்றேன்.

"ஜீப்பத் தூக்குவேன்க்கா. ஆத்துல கவுந்த டிராக்டரத் தூக்கியிருக்கேன். கிச்சனத் தூக்குறது இதான் மொத" என்று சொல்லிவிட்டு நான்கு தட்டை ஜாக்கிகளோடு வந்தார்.

கேஸ் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் கழற்றினோம். பெட்டிகளுக்கு அடியில் முன்னால் ஒன்று, சுவரோரம் ஒன்று என நீளவாக்கில் இரண்டு மரச்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு ஜாக்கி. ஒரு சுற்றுக்குக் கால் அங்குலம்; நான்கையும் கால் அங்குலம் ஏற்றியதும், ஜாக்கி நழுவினாலும் கல் விழாதபடி ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு பலகைத் துண்டு செருக வேண்டும். இருபது சுற்று. பாய் சுவரோர ஜாக்கிகளுக்காகத் தரையில் மல்லாந்து படுத்தார், முன்னால் இருந்தவை என் பொறுப்பு. இருவருக்குமே மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. எனவே கல்லின் நடுவில் ஒரு பித்தளைத் தம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்தார் பாய்.

"மாஸ்டர், நீங்க இதத்தான் பாக்கணும். தண்ணி ஒரு பக்கம் சாஞ்சா ஒடனே சொல்லணும். வேற யாருக்கும் தெரியாது."

வாய் திறக்காத மனிதரை நம்பிக் கல் இருந்தது. முதல் பத்து சுற்றும் பிரச்சினை இல்லை. பன்னிரண்டாவதில் எனக்கு மேலே ஏதோ முனகல் கேட்டது.

"என்னங்க?"

"இல்ல... லேசா... தொட்டிப் பக்கம்... பரவால்ல, நீங்க பாருங்க."

"சத்தமாச் சொல்லுங்க மாஸ்டர், ஜாக்கிச் சத்தத்துல கேக்கல!" என்று பாய் இன்னொரு கால் சுற்று சுற்றினார்.

"ஏலே, நிறுத்துலே!"

விடுதியில் முந்நூறு பிள்ளைகள் தட்டோடு அலம்பல் செய்யும்போது அந்தக் குரல் இருந்திருக்க வேண்டும். வீட்டில் நான் கேட்டதே இல்லை. பாய் கையை ஜாக்கியிலிருந்து எடுத்துவிட்டார். தெருவில் போன ஒரு சைக்கிள்கூட நின்றது. தொட்டிப் பக்கத்து முன் ஜாக்கி மரத்தில் புதைந்து இறங்கியிருந்தது. அது நான் சுற்றியது. இன்னும் ஒரு சுற்று போயிருந்தால் கல் இரண்டாகியிருக்கும். மாஸ்டர் அதன் பிறகு நிறுத்தவில்லை. "வசந்தா, ஒன் பக்கம் அரச் சுத்து. போதும். பாய், அங்கன கொஞ்சம். போதும்ங்கிறேன்ல!" என்று இருபதாவது சுற்று வரை எங்கள் இருவரையும் மேய்த்தார். பாய் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "இவுகளப் போயி வாயில்லாத ஆளுன்னுல்ல சொன்னாக" என்று என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, தப்பு வைப்பதை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். மேலதிகாரிகள் மாறாதவரை அது தேவைப்படும். ஆனால் எங்கே வைத்தீர்கள் என்று உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். அந்த இடத்தில் நின்று வேலை செய்யப்போகிறவர் யார் என்று விசாரித்து அவரிடமும் ஒரு தடவை காட்டுங்கள். "நல்லா இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

கால்களுக்கடியில் ஐந்து அங்குலக் கட்டைகளை நிரந்தரமாக வைத்து, குழாய்களை நீட்டி மாட்ட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் அவர் மேடை முன்னால் நின்றார். முதுகு நேராக இருந்தது. வெங்காயம், தக்காளி, பூண்டு என்று வரிசையாக நறுக்கினார். இடுப்புக்குக் கை போகவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றேன், உள்ளே போனால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. தாளிப்பதற்குக் கடுகு எடுக்க இடது பக்க டிராயரை இழுத்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தா, இங்கன வா. இந்த டிராயர் எனக்குப் பிடிக்கல. எடது பக்கம் வேணாம். எனக்கு வலது பக்கம் வேணும்."

டிராயரை வலது பக்கம் மாற்றுவதென்றால் அது ஓடுகிற இரண்டு சேனலையும் கழற்றி, நடுப் பலகையைப் பிரித்து, முன் மைகாவைப் புதிதாக ஒட்ட வேண்டும். குறைந்தது இரண்டு நாள் வேலை. கல்யாணமாகி இந்த முப்பது வருடத்தில் 'எனக்கு வேணும்' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"சாப்பிட்டுட்டு மாத்தித் தரட்டா?" என்றேன்.

"இல்ல, இப்பவே" என்றார்.